சுவரோரத்து வித்தை

பொடிமீன்கள் வளர்ந்த ஒரு குளத்துக்காக ஒரு பந்தயப் பாதை தன் உருவத்தையே மாற்றிக்கொண்டது. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் இருக்கிறது டார்லிங்டன் என்ற சின்ன ஊர். அங்கே பருத்தியும் நிலக்கடலையும் விளைந்த நிலத்தில் கார்ப் பந்தயத்துக்குப் பாதை போடக் கிளம்பினார் ஹரால்ட் பிராசிங்டன் என்ற உள்ளூர்க்காரர். 1933-இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்தே அவருக்கு அந்த ஆசை. நிலத்துக்காரர் ஷெர்மன் ராம்சே ஒரு நிபந்தனை போட்டார்: மேற்குப் பக்கத்து மீன்குளத்தைத் தொடக் கூடாது. பிராசிங்டன் சம்மதித்தார். குளத்துக்கு இடம் விட்டு அந்த முனையை இறுக்கி வளைத்தார். 1950-இல் வேலை முடிந்தபோது பாதை முட்டை வடிவில் இருந்தது. ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல்.

சாலைக் கார்களின் தோற்றத்தில் செய்த கார்கள் ஓடும் ஸ்டாக் கார் பந்தயம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது டேடோனாதான். இந்தப் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு 1948-இல் பிறந்த ஊர் அது. பாதை பெரியது, புகழும் பெரியது. ஆனால் அங்கே கார்கள் கொத்துக் கொத்தாக ஒன்றன் பின் ஒன்று காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடும்போது, வெற்றியில் பாதியைக் காற்றே தீர்மானித்துவிடுகிறது. ஓட்டுகிறவரின் கையும் காலும் பொறுமையும் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க விரும்புகிறவர் டார்லிங்டனுக்குத்தான் வர வேண்டும். இந்தக் கலையின் உச்சம் அந்த முட்டை வடிவத்தில்தான் இருக்கிறது என்பது என் தீர்மானமான எண்ணம்.

பாதையின் நீளம் 1.366 மைல், அதாவது சுமார் 2.2 கிலோமீட்டர். அகன்ற முனையில் தரை 25 பாகை சாய்ந்திருக்கிறது; குறுகிய முனையில் 23 பாகை. ஆண்டுதோறும் இங்கே நடக்கும் சதர்ன் 500 பந்தயத்தில் 367 சுற்றுகள். ஒரு சுற்றுக்குச் சுமார் அரை நிமிடம். கார் ஒன்றரை டன் எடை. அதன் வி8 இன்ஜின் பழைய அமெரிக்கக் கார்களின் மரபில் வந்தது. இருக்கைக்கு அடியிலிருந்து உறுமுவதுபோல் ஓசை. செப்டம்பர் மாதத் தென் கரோலினா வெயிலில் காருக்குள் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இத்தனைக்கும் நடுவே ஓட்டுநர் நான்கு மணி நேரம் இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருக்கிறார்.

"இடப்பக்கம் திரும்புவதில் என்ன கலை?" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நான் சொல்வது கர்நாடக இசையின் நெரவலைத்தான். ஒரே ஒரு வரி, தாளத்தில் அதே இடம், அதே சொற்கள். பாடகர் அதையே திரும்பத் திரும்பப் பாடுகிறார்; ஒவ்வொரு முறையும் அதற்குள் புதிதாக ஓர் இடத்தைக் கண்டுபிடிக்கிறார். வரி மாறாததால்தான் பாடகரின் கற்பனை நமக்குத் துலக்கமாகத் தெரிகிறது. டார்லிங்டனின் 367 சுற்றுகளும் அப்படித்தான். பாதை மாறாமல் இருப்பதால், ஓட்டுநர் செய்யும் சின்னஞ்சிறு மாற்றம்கூட ரசிகரின் கண்ணுக்குத் தப்பாது.

அந்த மாற்றங்கள் நடக்கும் இடம் சுவரோரம். திருப்பத்தில் உள்விளிம்பை ஒட்டிப் போனால் தூரம் குறைவு. ஆனால் வளைவு இறுக்கம், வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். வெளிச்சுவரை ஒட்டிய மேல்பட்டையில் போனால் வளைவு தளர்கிறது, வேகம் காருக்குள்ளேயே தங்குகிறது. டயர் தேயத் தேய ஓட்டுநர்கள் மேலே மேலே ஏறி, கடைசியில் கான்கிரீட்டுக்கு ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் இடைவெளியில் ஓட்டுகிறார்கள். அந்த அங்குலம் தவறினால் காரின் வலப்பக்கம் சுவரில் உரசிப் பெயின்ட் உரிந்து நீளமாகக் கோடு விழும். அதற்கு ‘டார்லிங்டன் கோடு’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்தக் கோடு விழாத ஓட்டுநர் அபூர்வம். லேசாக உரசினால் கோட்டோடு போகும். பலமாக இடித்தால் பின்சக்கரத்தின் இணைப்புத் தண்டு வளைந்து அன்றைய பந்தயமே முடிந்துவிடும். எவ்வளவு நெருங்கலாம் என்ற ஒரு கேள்விக்கு ஓட்டுநர் ஒரு மாலை முழுதும், சுற்றுக்கு இரண்டு முறை, பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொரு எதிரி தரை. டார்லிங்டனின் தார்ப்பரப்பு கரடானது. டயரை அரத்தைப்போல் ராவித் தள்ளும். 2008 பந்தயத்துக்கு முன் புதிதாகத் தார் போட்டார்கள். சில ஆண்டுகளிலேயே பழைய குணம் திரும்பிவிட்டது. புது டயரோடு பறந்த கார், நாற்பது ஐம்பது சுற்றுக்குள் சுற்றுக்கு இரண்டு வினாடி வரை மெதுவாகிவிடும். இங்கேதான் நல்ல ஓட்டுநரும் மேதையும் பிரிகிறார்கள். முதல் பத்துச் சுற்றில் எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடுகிறவர் நாற்பதாவது சுற்றில் பின்னால் நழுவிக்கொண்டிருப்பார். ஆரம்பத்தில் ஆக்சிலரேட்டரை ஒரு மயிரிழை முன்னதாக விட்டு, ஸ்டியரிங்கை ஒரு மயிரிழை குறைவாகத் திருப்பி, டயரைச் சேமித்து வைத்தவர் அப்போது ஒவ்வொருவராகத் தாண்டிக்கொண்டிருப்பார். வேகத்தைச் செலவு செய்யத் தெரிந்தவர் பலர். சேமிக்கத் தெரிந்தவருக்கே இந்தப் பாதை மசிகிறது.

1950 செப்டம்பர் 4 அன்று நடந்த முதல் சதர்ன் 500 பந்தயத்திலேயே இந்தப் பாடம் எழுதப்பட்டுவிட்டது. வரிசைக்கு மூன்றாக 75 கார்கள் கிளம்பின. பெரிய இன்ஜின் கொண்ட கார்கள் முன்னால் பாய்ந்தன. அவற்றின் டயர்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. டயர் தீர்ந்துபோன குழுவினர் பார்வையாளர்களின் கார்களிலிருந்து டயர்களைக் கழற்றி வாங்கினார்கள். ஜானி மான்ட்ஸ் என்பவர் ஒரு சிறிய பிளிமத் காரில், லாரி டயரைப்போல் கடினமான டயர்களைப் பூட்டிக்கொண்டு, மணிக்குச் சுமார் 75 மைல் சராசரியில் நிதானமாக ஓட்டினார். ஆறு மணி நேரத்துக்கு மேல் நீண்ட அந்தப் பந்தயத்தை, மற்றவர்களைவிடப் பல சுற்றுகள் முன்னதாக முடித்து வென்றார். களத்தில் இருந்த மெதுவான கார்களில் ஒன்று அது. அன்று வேலிக்கு அடியில் நுழைந்து அந்தப் பந்தயத்தைப் பார்த்த உள்ளூர்ச் சிறுவன் கேல் யார்பரோ, வளர்ந்து அதே சதர்ன் 500-ஐ ஐந்து முறை வென்றான்.

முட்டை வடிவம் கொண்டுவரும் சிக்கல் மெக்கானிக்குகளின் சிக்கல். அகன்ற முனைக்கு ஏற்றபடி காரைச் சரிசெய்தால் குறுகிய முனையில் அது சொன்னபடி கேட்காது. குறுகிய முனைக்குச் சரிசெய்தால் அகன்ற முனையில் பின்பக்கம் வழுக்கும். முன்சக்கரம் பிடிக்காமல் கார் சுவரை நோக்கி நேராகப் போனால் அதை ‘டைட்’ என்பார்கள். பின்சக்கரம் பிடிப்பை இழந்து சுழலப் பார்த்தால் ‘லூஸ்’. டார்லிங்டனில் ஒரே சுற்றில் இரண்டும் நேரலாம். ஓட்டுநர் ரேடியோவில் சொல்வதை வைத்துத் தலைமை மெக்கானிக் முடிவெடுக்க வேண்டும்: டயரில் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவதா, பின்கண்ணாடி வழியாக நீளமான ஸ்பானரை விட்டு ஸ்பிரிங்கை அரைச்சுற்று முறுக்குவதா? இரண்டு முனைகளுக்கும் முழுதாகப் பொருந்தும் விடை எதுவும் கிடையாது. எந்த முனையில் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதில்தான் அவரது கைத்திறன்.

டயர் மாற்றவும் பெட்ரோல் நிரப்பவும் கார் வந்து நிற்கும் பிட்டில் நடக்கும் வேலை தனியாக ரசிக்கத் தக்கது. கார் நிற்கும் முன்பே ஐந்து பேர் தடுப்புச் சுவரைத் தாண்டிக் குதிக்கிறார்கள். ஒருவர் ஜாக்கி, ஒருவர் பெட்ரோல், இருவர் சக்கரம் கழற்றுகிறவர்கள், ஒருவர் டயர் சுமக்கிறவர். நான்கு சக்கரங்களும் மாறிக் கார் கிளம்பப் பத்து வினாடிகூட ஆகாது. 2022-இல் வந்த புதிய காரில் சக்கரத்துக்கு நடுவில் ஒரே ஒரு நட்டு; அதுவரை ஐந்து. வர்ஜீனியாவின் உட் சகோதரர்கள் அறுபதுகளில் இதை ஒரு நடனமாக ஒழுங்குபடுத்தினார்கள். யார் எந்தக் காலை எங்கே வைப்பது என்பதுவரை யோசித்தார்கள். 1965-இல் ஜிம் கிளார்க் இண்டியானாபொலிஸ் 500-ஐ வென்றபோது அவருடைய பிட்டில் நின்றவர்களும் அவர்களே.

அந்த உட் சகோதரர்களின் காரை ஓட்டியவர்தான் டேவிட் பியர்சன். டார்லிங்டனில் பத்து முறை வென்றவர். அந்தச் சாதனை இன்னும் அப்படியே நிற்கிறது. ஒன்பது முறை வென்ற டேல் எர்ன்ஹார்ட் அதை நெருங்கினார், எட்டவில்லை. பியர்சனை ‘வெள்ளி நரி’ என்று அழைத்தார்கள். நரைத்த தலையும் காரணம், ஓட்டும் முறையும் காரணம். பந்தயத்தின் பெரும்பகுதியில் அவர் இருப்பதே தெரியாது. கடைசி ஐம்பது சுற்றில், மற்றவர்களின் டயரும் உடம்பும் களைத்த நேரத்தில், எங்கிருந்தோ முன்னால் வந்து நிற்பார். 1979 ஏப்ரலில் இதே டார்லிங்டனில் பிட்டில் ஒரு குழப்பம் நேர்ந்தது. குழுவினர் நான்கு சக்கரம் மாற்றிக்கொண்டிருக்க, இரண்டு மட்டும்தான் என்று நினைத்து அவர் கிளம்பிவிட்டார். இடப்பக்கச் சக்கரங்கள் கழன்று விழுந்தன. அத்தோடு உட் சகோதரர்களுடனான உறவும் முறிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், காயம்பட்டிருந்த இளம் எர்ன்ஹார்டுக்குப் பதிலாக வேறொரு குழுவின் காரில் ஏறிய பியர்சன், அதே பாதையில் சதர்ன் 500-ஐ வென்றார். இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரிந்து எந்த விளையாட்டிலும் இல்லை.

ஒரு பாதையின் வீச்சை அறிய அங்கே நடந்த முடிவுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1965 சதர்ன் 500-இல் நெட் ஜாரெட் இரண்டாவதாக வந்தவரைவிட 14 சுற்றுகள் முன்னால் முடித்தார். தூரக் கணக்கில் நாஸ்காரின் உச்சிப் பிரிவில் அதுவே மிகப் பெரிய இடைவெளி. 2003 மார்ச் 16 அன்று அதே பாதையில் ரிக்கி கிரேவன் 0.002 வினாடியில் வென்றார். அன்று முன்னால் ஓடிக்கொண்டிருந்த கர்ட் புஷ்ஷின் காரில் பவர் ஸ்டியரிங் பழுதாகிவிட்டது. ஒன்றரை டன் காரை வெறும் தோள்பலத்தில் திருப்பிக்கொண்டிருந்தார். கடைசிச் சுற்றின் கடைசித் திருப்பத்தில் கிரேவன் உள்பக்கமாக நுழைந்தார். இரண்டு கார்களும் பக்கத்தோடு பக்கம் மோதி ஒட்டிக்கொண்டு, புகை கிளப்பியபடி கோட்டைக் கடந்தன. மின்னணு நேரக் கணிப்பு வந்த பிறகு அதுவரை பதிவானவற்றில் மிக நெருக்கமான முடிவு அது. 2024-இல் கன்சாஸில் 0.001 வினாடி முடிவு வரும்வரை அதை யாரும் முறியடிக்கவில்லை. தோற்ற புஷ்ஷும் வென்றவரைப்போலவே மகிழ்ந்து கிரேவனைக் கட்டிக்கொண்டார். நன்றாக நடந்த போட்டிக்கு அதில் ஓடியவரே முதல் ரசிகர்.

நம்மூரில் கார்ப் பந்தயம் என்றால் ஃபார்முலா ஒன்தான் அளவுகோல். நமக்கு அந்த வாசலைத் திறந்துவிட்ட கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்காரின் டிரக் பிரிவில் ஓட்டினார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். மார்ட்டின்ஸ்வில் என்ற அரை மைல் நீள்வட்டத்தில் முதல் ஓட்டத்திலேயே 13-ஆவது இடம். அந்த ஆண்டின் மிகப் பிரபலமான ஓட்டுநர் என்ற விருதையும் அந்தப் பிரிவின் ரசிகர்கள் அவருக்கே அளித்தார்கள். ஃபார்முலா ஒன் கார் கையில் எடுத்த கத்தியைப்போல் திரும்பும். இந்தக் கனமான வண்டியைக் கேட்டும் கெஞ்சியும்தான் திருப்ப வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது இரண்டுக்கும் அநியாயம்.

சதர்ன் 500 இப்போது செப்டம்பர் முதல் திங்களில் வரும் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி, ஞாயிறு மாலை தொடங்குகிறது. வெயிலில் ஆரம்பித்து விளக்கொளியில் முடியும். பொழுது சாயும்போது தரை குளிர்கிறது, பிடிப்பு கூடுகிறது. மாலை ஆறு மணிக்கு ‘லூஸ்’ ஆக இருந்த கார் எட்டு மணிக்கு ‘டைட்’ ஆகிவிடலாம். முதல் பாதியில் கற்றதை இரண்டாம் பாதியில் மறந்து மறுபடி கற்க வேண்டும்.

பார்க்கத் தொடங்குகிறவருக்கு என் யோசனை இது. முதலிடத்தில் இருப்பவரைத் துரத்திக்கொண்டு கண்ணை ஓட்டாதீர்கள். எட்டாவது, பத்தாவது இடத்தில் ஓடும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். புது டயர் போட்டதிலிருந்து அடுத்த டயர் வரை அவரை மட்டும் பாருங்கள். எந்தச் சுற்றில் சுவரை நோக்கி ஏறத் தொடங்குகிறார், எப்போது காலைத் தளர்த்துகிறார், அவருடைய சுற்று நேரம் மற்றவர்களுடையதைவிட எவ்வளவு மெதுவாகக் கூடுகிறது என்று கவனியுங்கள். ஐம்பது சுற்றுக்குள் அவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மாலை ஆறு மணிக்கு அங்கே கொடி அசைந்தால் இங்கே திங்கள் விடியற்காலை மூன்றரை மணி. ஒரு நாள் தூக்கத்தை விட்டுக்கொடுத்துப் பாருங்கள். வட்டமாகச் சுற்றுவதில் என்ன இருக்கிறது என்ற கேள்வியை அதற்குப் பிறகு கேட்க மாட்டீர்கள்.