வெள்ளையம்மாள் ஏன் குதித்தாள்?

ஸ்ரீரங்கம் கோயிலின் கிழக்கே இருக்கும் வெள்ளைக் கோபுரத்துக்கு ஊர் சொல்லும் கதை இது. 1323இல் டெல்லிப் படை வந்தபோது, தேவதாசி வெள்ளையம்மாள் படைத்தலைவனை மயக்கி, கோபுர உச்சிக்கு அழைத்துப்போய்த் தள்ளிவிட்டாள். பிறகு தானும் குதித்தாள்.

இது நடந்ததா என்பதல்ல என் கேள்வி. கதையைச் சொன்னபோது மகள் கேட்டாள்: "இறங்கப் படி இல்லையாம்மா?" ஏறி வந்த படி இருந்ததே. நான் கேட்ட எந்த வடிவமும் அவளை அதில் இறங்க விட்டதில்லை. இறங்கியிருந்தால், பகைவனோடு போனவள் என்று ஊர் பேசியிருக்கும். கோபுரத்துக்கு யார் வெள்ளையடித்திருப்பார்கள்? அவள் நினைவாக, இறந்த தேவதாசிகளின் சிதைக்கு மடைப்பள்ளி நெருப்பு தந்தார்களாம். உயிரோடு இருந்தவர்களுக்கு என்ன தந்தார்கள் என்று கதையில் இல்லை.

அக்கோபுரத்தைச் சுற்றிய வீதிகளில், எறும்பு தின்னட்டும் என்று அரிசி மாவில் கோலம் போடுகிறோம். எறும்பு எதையும் சாதித்துக் காட்ட வேண்டியதில்லை, உயிராக இருந்தால் போதும். கோலம் போட்டவள் உள்ளே போய், எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு பாத்திரத்தில் ஒட்டியிருப்பதை வழித்துச் சாப்பிடுகிறாள். நல்ல பெண் என்கிறார்கள். நானும் பல வருஷம் அந்தப் பெயருக்காகத்தான் வழித்துக்கொண்டிருந்தேன்.