பேய் பேசும் அயல்மொழி: ‘மணிச்சித்ரத்தாழு’ம் அதன் மறுஆக்கங்களும்

திரைப்படச் சுவைஞர்களின் தீர்ப்புகள் பெரும்பாலும் கண்ணால் வழங்கப்பெறுபவை. அச்சமூட்டும் படங்களைப் பற்றிப் பேசும்போது ஒளியமைப்பையும் படத்தொகுப்பையும் நடிப்பையும் நுணுகி ஆராய்வோர் கூட, காதுக்குரிய பங்கைப் பின்னணி இசையோடு நிறுத்திக்கொள்கின்றனர். பேய் எம்மொழியில் பேசுகிறது என்னும் வினா அவர்களிடையே அரிதாகவே எழுகிறது. இவ்வினாவை எழுப்பாமல் மதிப்பிடவே இயலாத இந்தியப் படம் ஒன்று உண்டு. 1993 இறுதியில் பாசில் இயக்கத்தில் வெளிவந்த ‘மணிச்சித்ரத்தாழு’ என்னும் மலையாளப் படமே அது. அதனைப் பற்றிச் சுவைஞர்களிடையே ஏறத்தாழ ஒருமித்த கருத்து நிலவுகிறது: மூலமே சிறந்தது, பிறமொழி மறுஆக்கங்கள் அதனை நாயகர் படமாகவோ நகைச்சுவைப் படமாகவோ சிதைத்துவிட்டன என்பது. இத்தீர்ப்பு தவறன்று. எனினும் அதற்குக் கூறப்பெறும் காரணங்கள் போதுமானவையல்ல. மூலத்தின் சிறப்பு மோகன்லாலின் நடிப்பிலோ ஷோபனாவின் கண்களிலோ மட்டும் இல்லை. இரு மொழிகளுக்கு இடையிலான தொலைவை அப்படம் துல்லியமாகக் கணித்ததிலும் அது இருக்கிறது.

மது முட்டம் எழுதிய கதை பலரும் அறிந்ததே. நகுலனும் அவன் மனைவி கங்காவும் மாடம்பள்ளி என்னும் பழைய தறவாட்டிற்கு வந்து தங்குகின்றனர். அங்குப் பூட்டப்பட்டுள்ள தெக்கினி என்னும் பகுதியில் நாகவல்லி என்னும் நடனப் பெண்ணின் ஆவி அடைபட்டிருப்பதாக நம்பப்படுகிறது. தஞ்சாவூரிலிருந்து அழைத்து வரப்பட்ட அவள், எதிர்வீட்டில் வாழ்ந்த இராமநாதனைக் காதலித்ததால் சங்கரன் தம்பி என்னும் காரணவரால் கொல்லப்பட்டவள். பூட்டைத் திறந்த கங்கா தன்னையே நாகவல்லியாக உணரத் தொடங்குகிறாள். மனநல மருத்துவர் சன்னி, இது பேய் அன்று, நோயே என்று நிறுவுகிறார். கங்கா பேசுவது மலையாளம். நாகவல்லி பேசுவது தமிழ். பார்வையாளருக்கு நோய் புலப்படுவது மொழி மாறும்போதுதான்.

நோய் வெளிப்படும் புகழ்பெற்ற காட்சியில், வெளியே செல்லக்கூடாது என்று நகுலன் தடுக்கும்போது கங்காவின் குரல் கனக்கிறது. ஒரு கையால் கட்டிலைத் தூக்குகிறாள். அனைவரும் கட்டிலையே நினைவில் வைத்திருக்கின்றனர். ஆனால் பேய் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. அது வருவது ‘விடமாட்டே’ என்னும் வினைமுற்றில். இன்றைய மலையாள வினை இடம், எண், பால் காட்டும் விகுதிகளை இழந்துவிட்டது. ‘ஞான் விடில்ல, நீ விடில்ல, அவன் விடில்ல’ என மூவிடத்திற்கும் ஒரே வடிவம் நிற்கும். தமிழிலோ ‘மாட்டேன், மாட்டாய், மாட்டான்’ என ஒவ்வொரு வினையும் தன் எழுவாயைச் சுட்டிக்காட்டும். கங்காவின் வினை திடீரென முன்னிலை விகுதி பெறும் கணத்தில், எதிரே நிற்பவனை நோக்கி இலக்கணமே விரல் நீட்டுகிறது. மலையாளப் பார்வையாளர் இதனை இலக்கணமாக அறிந்திருக்க வேண்டியதில்லை. அந்நியமானது ஒன்று நாவில் ஏறிவிட்டது என்பதைக் காது உணர்ந்துகொள்கிறது. இடப்பெயரும் இவ்வாறே. ‘நின்’ என்னும் அடி ‘உன்’ ஆக மாறுகிறது. பழந்தமிழும் ‘நின்’ என்றே வழங்கிற்று என்பதால், பழைய காலத்துப் பேய் கங்காவின் அன்றாடப் பேச்சைக் காட்டிலும் புதிய வடிவத்தைப் பேசுகிறது. வரலாற்று மொழியியலார் மட்டுமே புன்னகைக்கக்கூடிய இடம் இது.

இம்மாற்றம் அச்சம் தருவதற்குக் காரணம், மலையாளிக்குத் தமிழ் முற்றிலும் புரியாத மொழியன்று என்பதே. தமிழ்ப் படங்கள் கேரளத்தில் நெடுங்காலமாக மொழிமாற்றமின்றியே திரையிடப்பெற்று வந்துள்ளன. சொற்களில் பெரும்பகுதி பழக்கமானவை. ஒலிப்பும் முடிபும் மட்டும் விலகி நிற்கின்றன. முழுதும் புரியும் மொழியில் பேசும் பேய் அண்டைவீட்டுக்காரி போல் ஆகிவிடும். சிறிதும் புரியாத மொழியில் பேசினால் வெறும் ஓசையாகத் தேய்ந்துவிடும். இவ்விரண்டிற்கும் நடுவே உள்ள பாதிப்புரிதலே இப்படத்தின் களம். நோயே என்னும் முடிவும் இதனால் வலுப்பெறுகிறது. மலையாளம் பேசும் ஒரு பெண்ணுக்குத் தமிழ் எங்கிருந்து வந்தது என்று கேரளத்தில் எவரும் வியக்கப் போவதில்லை.

இதனை மேலைப் படங்களோடு ஒப்பிட்டு நோக்கலாம். அறியாத மொழியைப் பேசுதலைப் பேய்பிடித்தலின் அடையாளமாக 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூல் கொண்டது. ‘தி எக்சார்சிஸ்ட்’ (1973) படத்தில் பாதிரியார் கராஸ், சிறுமியின் குரலைப் பதிவுசெய்து மொழி ஆய்வுக்கூடத்திற்கே கொண்டுசெல்கிறார். அறியாத மொழி எனத் தோன்றியது பின்னோக்கி ஒலிக்கும் ஆங்கிலம் என்று அங்குத் தெரியவருகிறது. மொழியறிந்தவர் ஒருவரின் கருத்து கதையைத் திருப்பும் அச்சப் படங்கள் மிகச் சிலவே. அங்கும் பேயின் குரல் சிறுமி லிண்டா பிளேருடையதன்று, மெர்சிடஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்னும் நடிகையுடையது. பெயர்ப் பட்டியலில் தமக்குரிய இடத்தை அவர் போராடியே பெற்றார். ‘சைக்கோ’ (1960) படத்தின் தாய்க்குரலும் ஒருவர் குரலன்று. ஒன்றுக்கு மேற்பட்டோரின் குரல்களால் ஆனது. ‘மணிச்சித்ரத்தாழு’ இவ்வரிசையிலேயே நிற்கிறது. கங்காவுக்குக் குரல் தந்தவர் பாக்கியலட்சுமி. நாகவல்லியின் தமிழும் அவருடையதே என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக நம்பப்பட்டு வந்தது. அது துர்கா என்னும் தமிழ்ப் பின்னணிக் குரல் கலைஞருடையது என்று 2016இல் பாசில் தெரிவித்தார். ஓருடலில் இரு மொழிகள் என்பது கதை. ஓருடலுக்கு இரு தாய்மொழிக் குரல்கள் என்பது தயாரிப்பு முறை. நாகவல்லியின் தமிழில் மலையாள வாடை வீசாமைக்கு இதுவே காரணம். நடிப்பைப் புகழும் சுவைஞர்கள் தாம் புகழ்வதில் ஒரு பாதி செவிவழி வந்தது என்பதை உணராமலேயே இருபது ஆண்டுகள் பேசினர்.

மறுஆக்கங்களின் சிக்கல் இங்கிருந்தே தொடங்குகிறது. கதையை மொழிபெயர்த்துவிடலாம், இரு மொழிகளுக்கு இடையிலான உறவை எவ்வாறு மொழிபெயர்ப்பது? பி. வாசு இயக்கிய கன்னட ‘ஆப்தமித்ரா’ (2004) நாகவல்லியைத் தெலுங்குப் பெண்ணாக்கியது. அவரே இயக்கிய தமிழ்ச் ‘சந்திரமுகி’யிலும் (2005) நடனப் பெண் தெலுங்கு நாட்டவள். பிரியதர்ஷனின் இந்திப் ‘பூல் புலையா’வில் (2007) அவள் வங்காளி, பெயர் மோஞ்சுலிகா. சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் உறவுக்கு உறவு பெயர்த்த இம்முடிவு, மொழிபெயர்ப்பியல் நோக்கில் இப்படங்களின் பெருமைக்குரிய பகுதியாகும். சுவைஞர்கள் இதனைப் பாராட்டியதாகத் தெரியவில்லை.

கன்னட ஆக்கம் எளிய வழியில் சென்றது. கன்னடமும் தெலுங்கும் எழுத்து வடிவிலும் அரசவை வரலாற்றிலும் நெருங்கியவை. தொலைவு ஏறத்தாழ மூலத்தை ஒத்தே அமைந்தது. தமிழாக்கத்தின் நிலை வேறு. தமிழருக்குத் தெலுங்கு பேச்சாக அறிமுகமானதைவிடப் பாட்டாகவே அறிமுகமான மொழி. தியாகராசர் (1767–1847) திருவையாற்றில் வாழ்ந்து தெலுங்கில் பாடினார். கீர்த்தனை கேட்டு வளர்ந்த செவிக்குத் தெலுங்கின் உயிரீற்றுச் சொற்கள் பொருள் தெரியாமலேயே இனிக்கும். ஆகவே ‘சந்திரமுகி’யில் தெலுங்கு பாடலில் வலிமையுடன் நிற்கிறது, உரையாடலில் மெலிந்துவிடுகிறது. ‘ரா ரா’ எனத் தொடங்கும் பாடலே அவளுடைய உண்மையான பேச்சு. மற்றவை அதன் விளக்கவுரைகள். அப்படத்தில் மக்கள் நாவில் நிலைத்தது தமிழுமன்று, தெலுங்குமன்று. வேட்டையனாக ரஜினிகாந்த் எழுப்பும் ‘லகலக’ என்னும் பொருளற்ற ஒலியடுக்கு. எம்மொழிக்கும் உரியதல்லாததால் எல்லைகளைக் கடப்பது அதற்கு எளிதாயிற்று. அச்சத்தை விரட்ட வந்தவனே அச்சத்தின் ஒலியைக் கவர்ந்துகொண்டான் என்பதும் உண்மை. நாயகர் படம் என்னும் குறைகூறலுக்கு இதனினும் தக்க சான்று வேண்டா.

ஆயினும் வரலாற்று நோக்கில் ‘சந்திரமுகி’யின் தேர்வு, படைத்தோர் எண்ணியதினும் பொருத்தமானது. நாயக்கர், மராட்டியர் காலத் தஞ்சை அரசவையில் தெலுங்கு இலக்கிய மொழியாகவும் ஆடல் மொழியாகவும் விளங்கிற்று. தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு, சுவாதித் திருநாளின் (1813–1846) திருவிதாங்கூர் அரசவைக்குச் சென்றவர். ஆகவே தஞ்சை நடனப் பெண் கேரளத்துத் தறவாட்டை அடைந்தாள் என்னும் கற்பனைக்கு வரலாற்றில் இடமுண்டு. ஆனால் அத்தகைய பெண் தமிழில் சினந்தாலும் தெலுங்குப் பதங்களுக்கும் வர்ணங்களுக்கும் ஆடியிருப்பாள் என்றே கொள்ளவேண்டும். மூலப்படம் அவளை ஒரே மொழியினளாகச் சுருக்கியது. மாநிலங்கள் மொழிவழி பிரிந்த பிறகு எழுந்த கற்பனை அது. பழைய அரசவைகளின் பன்மொழிச் சூழல் அதில் இல்லை.

இந்தி ஆக்கத்தில் சுவைஞர்கள் கண்ட குறைகள் பல. நகைச்சுவைப் பகுதிகள் நீண்டு கதையின் இறுக்கத்தைக் குலைக்கின்றன என்பது ஏற்கத்தக்கதே. மொழியமைப்பில் மட்டும் அப்படம் எதிர்பாராத ஒன்றைச் செய்கிறது. இந்தி வினை பால் காட்டுவது. ஒரு பெண் தன்னைப் பற்றிப் பேசும்போதும் வினை அவளைப் பெண் என்று சுட்டிக்கொண்டே இருக்கும். வங்க வினை பால் காட்டாது. கங்கா நாகவல்லியாகும்போது வினை விகுதியைப் பெறுகிறது. அவ்னி மோஞ்சுலிகாவாகும்போது வினை பாலை இழக்கிறது. முன்னது கூட்டல், பின்னது கழித்தல். இது திட்டமிடப்பட்டது என்று கூறுதல் மிகையாகும். மொழிகளின் இயல்பால் நேர்ந்தது. பெயரோ தெரிந்தே அமைக்கப்பெற்றது. இந்தியில் ‘மஞ்சுலிகா’ என நிற்கவேண்டிய சொல், வங்க ஒலிப்பில் அகரம் ஒகரச் சாயல் பெற்று ‘மோஞ்சுலிகா’ ஆகிறது. முதல் உயிரொலியிலேயே அவள் அயலாள் என்பது பதிவாகிவிடுகிறது. பெயர் வைத்தவருக்கு நுண்ணிய செவி இருந்தது.

இவ்வரிசையை ஒருசேர நோக்கும்போது உறுத்தும் உண்மை ஒன்றுண்டு. மலையாளிக்குத் தமிழச்சி, கன்னடருக்கும் தமிழருக்கும் தெலுங்குப் பெண், இந்தியருக்கு வங்கப் பெண் என ஒவ்வொரு மொழியும் தன் வீட்டுக் கொலைவெறியை அண்டை மொழிப் பெண்ணின் நாவில் வைக்கிறது. அவள் ஆடற்பெண்ணாகவும் இருக்கிறாள். கொன்றவன் எப்போதும் வீட்டு மொழிக்காரன், பேயாவது அயல்மொழிக்காரி. மருத்துவம் வெற்றிபெற்றது என்பதன் சான்று, இறுதியில் அவள் அயல்மொழியை மறந்துவிடுவது. இப்படங்கள் மூடநம்பிக்கையை அறிவியலால் வெல்பவை என்று பாராட்டப்படுகின்றன. குணமாதல் என்பது ஒருமொழியினள் ஆதல் என்னும் கருத்து அவ்வறிவியலுக்குள் பொதிந்திருப்பதைப் பன்மொழி நாட்டின் திறனாய்வு கண்டுகொள்ளாமல் விட்டது வியப்பிற்குரியது.

மொழிபெயர்ப்பாளருக்கு இதிலுள்ள இடர்ப்பாடு உடனடியானது. ‘மணிச்சித்ரத்தாழு’க்கு ஆங்கிலத்தில் எழுத்துரை இடுவோர், கங்காவின் மலையாளத்தையும் நாகவல்லியின் தமிழையும் ஒரே ஆங்கிலத்தில் தந்தால், திரையின் அடியைப் படிப்பவருக்குப் பேய் வரவே வராது, ஒரு பெண் சினங்கொள்கிறாள் என்று மட்டுமே தெரியும். சாய்வெழுத்து இடுதல், ‘தமிழில்’ என அடைப்புக்குறிக்குள் சுட்டுதல் ஆகியவை தகவலைத் தருமேயன்றித் திடுக்கிடலைத் தாரா. நாகவல்லியின் வரிகளை வேறொரு நடையில், சற்றுப் பழமையான முன்னிலை வடிவங்களோடு எழுதிப்பார்க்கலாம். ஓரிரு சொற்களைப் பெயர்க்காமல் விட்டுவிடவும் செய்யலாம். தமிழில் மொழிமாற்றம் செய்வோருக்கு இவ்வழிகளும் இல்லை. கங்காவும் தமிழ் பேசத் தொடங்கிவிட்டால் நாகவல்லிக்கு எஞ்சுவது என்ன?

இவ்வினாவுக்கு விடை கண்டவர்கள் சுவைஞர்கள் ஏளனம் செய்யும் மொழிமாற்றுப் படத் தொழிலில் இருந்தவர்களே. ‘சந்திரமுகி’ தெலுங்கில் மொழிமாற்றம் பெற்றபோது அதே சிக்கல் எதிர்த்திசையில் எழுந்தது. பேயின் தெலுங்கு இப்போது வீட்டு மொழியாகிவிட்டது. உதட்டசைவு பொருந்தாமற் போகும் என்னும் அச்சத்தையும் பொருட்படுத்தாது, ‘ரா ரா’ பாடலைத் தெலுங்குப் படத்தில் ‘வாராய்’ எனத் தமிழாக்கினர்.