போலீஸ் குவிந்தும் நிற்காத கலவரம்

2025 மருத்துவ நோபல் அறிவிப்புக்குப் பிறகு, ரெகுலேட்டரி டி செல் பற்றிய அறிமுகக் கட்டுரை ஒன்றை பெரியம்மா எனக்கு அனுப்பினார். அவருக்குப் பல வருஷமா ருமட்டாய்டு முடக்குவாதம். கூடவே ஒரு கேள்வி: "எனக்கு இந்த செல் குறைஞ்சு போச்சாடா? ஏத்திக்க என்ன சாப்பிடணும்?"

தப்பு அவர் மேல இல்ல, கட்டுரை மேல. இந்தச் செல்கள் உடம்பின் போலீஸ், போலீஸ் குறைஞ்சா எதிர்ப்புச் செல்கள் நம்மையே தாக்கும் என்கிறது அது. உவமை முழுப் பொய் இல்லை. ஸ்கர்ஃபி என்ற வகை எலியில் ஆண் குட்டிகள் சில வாரங்களில் செத்துப்போகும். மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் அதற்குக் காரணமான ஃபாக்ஸ்பி3 மரபணுவை 2001-ல் கண்டுபிடித்தார்கள். ரெகுலேட்டரி டி செல் உருவாக அந்த மரபணுதான் தேவை என்று 2003-ல் சகாகுச்சி குழு காட்டியது. அது பழுதான ஆண் குழந்தைகளுக்கு வருவது ஐபெக்ஸ்: குடல், தோல், கணையம் எல்லாம் தாக்கப்படும். இங்கே போலீஸ் கணக்கு சரி.

ஆனா ஐபெக்ஸ் மிக மிக அரிது. கட்டுரை அங்கிருந்து ஒரே தாவலில் முடக்குவாதத்துக்கு வந்துவிடுகிறது. வீங்கிய மூட்டிலிருந்து எடுத்த நீரைப் பார்த்தால், அதே நோயாளியின் ரத்தத்தைவிட இந்தச் செல்களின் விகிதம் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கிறது. போலீஸ் வந்து குவிஞ்சிருக்கு, கலவரம் நிக்கல! மூட்டில் உள்ள அழற்சிப் பொருட்கள் அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன என்பது ஒரு விளக்கம். தாக்கும் செல்களே கட்டுப்பட மறுக்கின்றன என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சான்று உண்டு.

எண்ணுவதிலேயே சிக்கல் வேற. மனிதர்களில் சாதாரண டி செல்லும் தூண்டப்பட்டால் கொஞ்ச காலம் ஃபாக்ஸ்பி3 காட்டும். அதாவது யூனிஃபார்ம் போட்டவங்க எல்லாரும் போலீஸ் இல்லை. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சின்ன விஷயம்னு விட முடியாது, சிகிச்சையே இதில்தான் பிரிகிறது. குறைவுதான் பிரச்சினை என்றால், குறைந்த அளவு இன்டர்லூக்கின்-2 கொடுத்துப் பெருக்கலாம். லூபஸ் முதலிய நோய்களில் அதைச் சோதித்தும் வருகிறார்கள். தாக்கும் செல் அடங்க மறுப்பதுதான் பிரச்சினை என்றால், எண்ணிக்கையைக் கூட்டுவது மட்டும் போதாது.

பெரியம்மாவிடம், "குறையல, மூட்டுல நிறையவே இருக்கலாம். சாப்பிட்டு ஏத்துற சமாச்சாரம் இல்ல, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீங்க" என்றேன். "அப்புறம் ஏன்டா வலிக்குது?" என்றார்.