டர்ட்டி கவ்: சில வரிப் பேட்ச்

லினக்ஸ் கெர்னலில் 2016 அக்டோபரில் லினஸ் டோர்வால்ட்ஸ் போட்ட ஒரு பேட்ச் எனக்கு மிகவும் பிடிக்கும். அது அடைத்த ‘டர்ட்டி கவ்’ என்ற பாதுகாப்பு ஓட்டை 2007 முதல் திறந்தே கிடந்தது. சாதாரணப் பயனர்கூட, படிக்க மட்டுமே அனுமதியுள்ள கோப்பில் எழுதி, முழு அதிகாரமுள்ள ரூட் ஆகிவிட முடிந்தது.

அப்போது, அப்படிப்பட்ட கோப்பை நினைவகத்தில் தனக்கென விரித்துக்கொண்டு எழுத வந்தால், கெர்னல் அந்த நினைவகப் பக்கத்தை நகலெடுத்துக் கொடுக்கும். நகல் எடுத்தாயிற்றே என்று, ‘எழுத வந்தவர்’ என்ற குறியை அழித்துவிட்டு மறுபடி பக்கத்தைத் தேடும். அந்த இடுக்கில் இன்னொரு திரெட் நகலைத் தூக்கி எறிந்துவிட்டால் கைக்கு வருவது மூலப் பக்கம். எழுதியது அதில் போய் விழும்!

டோர்வால்ட்ஸ் அந்தக் குறியை அழிக்காமல் விட்டார். ‘நகல் எடுத்தாயிற்று’ என்பதற்குத் தனிக் குறி வைத்து, கையில் இருப்பது நகல்தானா என்று பக்கத்தில் எழுதப்பட்டதைக் காட்டும் டர்ட்டி பிட்டைப் பார்த்து உறுதிசெய்ய வைத்தார். மாறியவை சில வரிகளே. எவ்வளவு சுத்தமான வேலை!

கூடவே அவர் எழுதிய குறிப்பு இன்னும் அழகு. 11 ஆண்டுகளுக்கு முன் தானே இதைச் சரிசெய்ய முயன்றதையும், அது ஒழுங்காக அமையாததையும், எஸ்390 கணினிகளில் தகராறு செய்ததால் திரும்பப் பெறப்பட்டதையும் ஒளிக்காமல் சொல்கிறார். 2017-இல் பெரும்பக்கங்களுக்கான நிரலில் இதே வகை ஓட்டை தெரிந்தபோது, அங்கும் ஒரு பேட்ச் போட்டார்கள்.