வலைப்பதிவும் எல்லைப்புற மாணவரும்

பாலக்காட்டுச் சித்தூர், இடுக்கித் தேவிகுளம் வட்டங்களில் தமிழ்வழிப் பயிலும் மாணவர்க்கு வலைப்பதிவைக் கற்பிக்குங்கால், முதல் இடர்ப்பாடு கலைச்சொல்லிலேயே தோன்றுகிறது.

1997இல் 'வெப்லாக்' எனத் தோன்றி 1999இல் 'பிளாக்' எனக் குறுகிய சொல், கப்பலின் அன்றாடச் செலவைக் குறித்துவைக்கும் ஏட்டை நினைவூட்டுவது. நாள்வாரியாகக் குறிப்புகள் சேரும் இப்பண்பை 'வலைப்பூ' உணர்த்தவில்லை, 'வலைப்பதிவு' உணர்த்துகிறது. ஆயினும் அது முழுத் தொகுப்பையும் அதனுள் அமையும் தனிக் குறிப்பையும் ஒருங்கே சுட்டி மயக்கம் தருகிறது. எல்லைப்புற மாணவர்க்கு இம்மயக்கம் மிகுகிறது. அவர்கள் நாளும் கேட்கும் மலையாளத்தில் 'பதிவு' என்பது பெரும்பாலும் 'வழக்கம்' என்னும் பொருளது.

வருகைப் பதிவேட்டை அறியாத மாணவர் இலர். ஏடு தொகுப்பு, அதனுள் நாள்தோறும் இடப்படுவது பதிவு. இவ்வேறுபாட்டைத் தழுவித் தொகுப்பை 'வலைப்பதிவேடு' என்றும் தனிக் குறிப்பைப் 'பதிவு' என்றும் வழங்கலாம். 'ஏடு' மலையாளத்திலும் சுவடியைக் குறிப்பதால், அது சேருமிடத்து 'வழக்கம்' என்னும் பொருள் விலகுகிறது.

நிலைபெற்றுவிட்ட 'வலைப்பதிவை' நீக்க வேண்டுவதில்லை. பாடத்தில் அச்சொல் முதன்முறை வருமிடத்திலேனும் மொழிபெயர்ப்பாளர் இவ்விளக்கத்தைத் தருதல் வேண்டும். இன்றேல் மாணவர் மலையாளத்தில் கேட்கும் 'பிளாக்' என்பதையே கைக்கொள்வர். தமிழ்ச்சொல் தேர்வுத்தாளோடு நின்றுவிடும்.