வெள்ளிவீதியாரின் மூன்று குரல்கள்

பள்ளிக்கூடத்தில் கவிதைக்குப் பெயர் ‘செய்யுள்’. மனப்பாடப் பகுதி, அருஞ்சொற்பொருள், இலக்கணக் குறிப்பு, நெடுவினா. தேர்வு முடிந்ததும் நம்மில் பெரும்பாலோர் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். நாற்பது வயதில் ஒரு பெண் மறுபடி கவிதைப் புத்தகத்தைக் கையில் எடுத்தால், ‘இதனால் என்ன பயன்?’ என்று வீடு கேட்கிறது. அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்காமல் வாசிக்கலாம் என்ற தைரியத்தை எனக்குத் தந்தவை குறுந்தொகையில் உள்ள வெள்ளிவீதியார் பாடல்கள்.

விருத்தாசலம் பக்கம் நல்லூரில் இருக்கிறேன். பீங்கான் பட்டறை வேலைக்குப் போகிறவர்கள், மாடு வைத்திருப்பவர்கள் என்று நாங்கள் நாலைந்து பெண்கள் ஞாயிறு மதியம் சேர்ந்து வாசிக்கிறோம். குறுந்தொகைப் பாட்டு பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிதான். உலையில் அரிசி வேகும் நேரத்துக்குள் இரண்டு முறை வாய்விட்டுப் படித்துவிடலாம்.

27ஆம் பாட்டில் பேசுகிறவள் தலைவி. பசுவின் பால் கன்றின் வாய்க்கும் போகாமல், கறக்கிற பாத்திரத்திலும் விழாமல் மண்ணில் சிந்துவதுபோல் தன் அழகு வீணாகிறது என்கிறாள். யாருக்கு வீண்? முதலில் தனக்கு, அதன் பிறகே அவனுக்கு. பெண்ணின் அழகு கணவனுக்கானது என்று பாடம் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த வரிசை முக்கியம். அவள் இழப்புக் கணக்கைத் தன்னிடமிருந்து தொடங்குகிறாள்.

58ஆம் பாட்டில் சுடுவெயிலில் பாறைமேல் வெண்ணெய் உருகுகிறது. காவல் இருப்பவனுக்குக் கை இல்லை, பேச்சும் இல்லை. கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே அவனால் முடியும். “இது ஆம்பளை பேசுறதுன்னு குறிப்பு பாக்காம தெரியாதேக்கா” என்றார் எங்களில் ஒருவர். ஆமாம், பழைய கூற்றுக் குறிப்பு இதைத் தலைவன் பேச்சு என்கிறது. ஆண் தன் காதல் நோயின் முன் கையாலாகாமல் நிற்பதைப் பெண் எழுதியிருக்கிறார். 44ஆம் பாட்டிலோ, உடன்போன மகளைத் தேடிக் கால் ஓய்ந்து கண் மங்கிய செவிலித்தாய் பேசுகிறாள். எதிரே வருகிறவர்கள் வானத்து மீன்களைவிட அதிகம். அவர்களில் தன் மகள் மட்டும் இல்லை.

அகநானூறு 147இல் ஔவையார், தேடி அலைந்தவளாக வெள்ளிவீதியைப் பெயர் சொல்லி உவமை காட்டுகிறார். அதைப் பிடித்துக்கொண்டு, கணவனைப் பிரிந்தவரின் சொந்தப் புலம்பலாகவே இவர் பாடல்களை விளக்குவது வழக்கமாகிவிட்டது. துயரம் அவருடையதாகவே இருக்கட்டும். ஆனால் தலைவியாகவும் தலைவனாகவும் தாயாகவும் பேசத் தெரிந்தவரை அழுகிறவராக மட்டும் சுருக்கினால், அவருடைய புலமை கணக்கில் வராமல் போகிறது. ஆண் புலவர்கள் தலைவி குரலில் ஏராளமாகப் பாடியிருக்கிறார்கள். அதை யாரும் அவர்கள் வாழ்க்கை வரலாறாகப் படிப்பதில்லை. கபிலருக்குக் கற்பனை, வெள்ளிவீதியாருக்குக் கண்ணீரா?

இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. 2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு வந்தபோது தலைப்பை வைத்தே அவரைத் தாக்கினார்கள். சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோரும் வசைகளைச் சந்தித்தார்கள். பெண் எழுதிய கவிதையை அவளுடைய நடத்தைச் சான்றிதழாகப் படிக்கிறவர்களுக்குக் கவிதையும் கிடைப்பதில்லை, அந்தப் பெண்ணும் புரிவதில்லை.

கவிதையில் சுவை காண விரும்பும் தோழிகளுக்கும் மாணவிகளுக்கும் நான் சொல்வது இதுதான். உரையை மூடி வைத்துவிட்டு முதலில் பாட்டை வாய்விட்டுப் படியுங்கள். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்று கேளுங்கள். பிறகு உ.வே.சா.வின் 1937ஆம் ஆண்டுக் குறுந்தொகைப் பதிப்பு போன்ற நல்ல உரையைத் திறந்து, அதோடு ஒத்துப்போங்கள் அல்லது சண்டை போடுங்கள். பிடிக்காத பாட்டைத் தள்ளி வையுங்கள். இப்போது யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை. வீட்டுக்காக, பிள்ளைகளுக்காக என்றே எல்லாவற்றையும் செய்து பழகிய நமக்கு, நமக்காக மட்டும் படிக்கிற எட்டு அடி சின்ன விஷயம் இல்லை.