குடவோலையும் மருத்துவ மானியமும்

அரசாங்க அறிவிப்புகளையும் ஒரு வகை இலக்கியமாகவே நான் படித்து வருகிறேன். அவற்றிலும் மருத்துவ ஆராய்ச்சிக்கு மானியம் வழங்கும் அறிவிப்புகளில் எனக்குத் தனி ருசி உண்டு. கதாநாயகன் மந்திரி. வில்லன் புற்றுநோயோ, நீரிழிவோ, மறதி நோயோ. நடுவில் ஒரு பெரிய தொகை. முடிவு எப்போதும் மங்களம்.

1971 டிசம்பர் 23-ந் தேதி, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இந்த இலக்கியத்துக்கு அதுதான் காவியம். பிறகு வந்தவை பெரும்பாலும் வழிநூல்கள். நோய் இன்னும் நம்மோடுதான் இருக்கிறது. அதற்காகச் செலவழித்த பணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தால் எத்தனையோ விஷயங்கள் தெரிய வந்தன. எத்தனையோ பேர் பிழைத்தார்கள். நான் குறை சொல்வது எழுத்தை. அது சொல்லாமல் விடுவதை.

ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே இந்தப் பொதுப் பணத்தைப் பங்கிடும் முக்கிய ஸ்தாபனம் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். 2012-ம் வருஷம் அதற்கு வந்த ஆராய்ச்சித் திட்டங்கள் 3,727. நூற்றுக்கு இருபத்தொன்றுக்குத்தான் பணம் கிடைத்தது. அந்த விண்ணப்பங்களை எழுத எவ்வளவு காலம் பிடித்திருக்கும் என்று குவீன்ஸ்லாந்து ஆராய்ச்சியாளர்கள் சிலர் விசாரித்துக் கணக்குப் போட்டார்கள். புதிய விண்ணப்பம் ஒன்றுக்குச் சராசரி 38 வேலை நாள். எல்லாம் கூட்டினால் ஐந்நூற்றைம்பது மனித வருஷம்! சம்பளக் கணக்கில் சுமார் 6.6 கோடி ஆஸ்திரேலிய டாலர். அதில் ஐந்தில் நாலு பங்கு உழைப்பு குப்பைக் கூடைக்கு. திரும்பி வந்த கதையை நாங்கள் வேறு பத்திரிகைக்கு அனுப்புவதுபோல் அவர்களும் அடுத்த வருஷம் அனுப்பிப் பார்க்கிறார்கள். திருத்தி எழுத இன்னொரு 28 நாள். மானியம் கிடைத்தவராவது சந்தோஷமாகக் கூவலாமா என்றால் அதுவும் கூடாது. மந்திரி அறிவிக்கும்வரை வாய்ப்பூட்டு. நல்ல செய்தியைச் சொல்லும் பாத்தியதை மேடைக்குத்தான்.

இதெல்லாம் போகட்டும். என்னை உறுத்துவது வேறு.

சிறுகதைப் போட்டிகளுக்கு நடுவராக இருந்திருக்கிறேன். கட்டிலிருந்து நாலைந்து கதைகள் தாமே எழுந்து நிற்கும். பாதிக்கு மேல் முதல் பக்கத்திலேயே படுத்துவிடும். மீதிதான் பிராணனை வாங்கும். பத்தாம் பரிசு பெற்ற கதைக்கும் பரிசில்லாமல் போன பதினோராவது கதைக்கும் என்ன பேதம் என்று கேட்டால், பரிசுகள் பத்து என்பதுதான் பேதம். இன்னொரு நடுவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இரண்டும் இடம் மாறியிருக்கும். இது எழுத்தாளர்களின் ரசனைக் கோளாறு, விஞ்ஞானத்தில் அப்படி இராது என்று யாரும் நினைக்கலாம். அதே குவீன்ஸ்லாந்துக்காரர்கள், நிக்கலஸ் கிரேவ்ஸும் ஏட்ரியன் பார்னெட்டும் இன்னொருவரும், அதையும் சோதித்து 2011-ல் வெளியிட்டார்கள். 2009-ம் வருஷ மதிப்பெண்களை எடுத்துக்கொண்டு, குழுவில் ஆள் மாறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பார்த்தார்கள். நூற்றுக்கு ஒன்பது விண்ணப்பங்கள் எப்படியும் தேறும். அறுபத்தொன்று எப்படியும் தேறாது. மிச்சமுள்ள ஏறத்தாழ முப்பதும் யார் நாற்காலியில் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது. பணம் பெற்றவர்களிலேயே பாதிப் பேருக்கு மேல் இந்த முப்பதிலிருந்து வந்தவர்கள்!

அறிவிப்பில் இதற்கு ஒரு வரி உண்டா? அங்கே எல்லாம் ‘தலைசிறந்த’, ‘உலகத்தரம் வாய்ந்த’. தலைசிறந்தவை ஒன்பதுதானே ஐயா! மற்றவை நல்லவை. கிடைக்காதவற்றிலும் அதே அளவு நல்லவை இருந்தன. பட்ஜெட் தீர்ந்த இடத்தில் கோடு கிழித்துவிட்டு, அது யோக்யதையின் எல்லை என்று சொல்வது நியாயமில்லை. ஏனென்றால் அந்தக் கோட்டை வைத்துத்தான் பல்கலைக்கழகங்கள் ஆளை எடை போடுகின்றன. ஹங்கேரியில் பிறந்த கடாலின் கரிகோ அம்மையார் தூது ஆர்.என்.ஏ. ஆராய்ச்சிக்குக் கேட்ட மானியங்கள் திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டன. 1995-ல் பென்ஸில்வேனியா பல்கலைக்கழகத்தில் அவருடைய பதவியைக் குறைத்தார்கள். 2023-ல் அவருக்கு நோபல் பரிசு. முடிவு சுபமாக இருப்பதால் எல்லாரும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ, அவரளவு பிடிவாதமோ ஆயுளோ இல்லாமல் வேறு உத்தியோகம் பார்க்கப் போய்விட்டவர்களின் ஞாபகம்தான் வருகிறது. அவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

நியூஸிலாந்தில் மட்டும் ஒரு நாணயமான காரியம் செய்தார்கள். அங்குள்ள சுகாதார ஆராய்ச்சிக் கவுன்சில், புதுமையான யோசனைகளுக்கென்று ஒன்றரை லட்சம் நியூஸிலாந்து டாலர் வீதம் தரும் சிறு மானியத்தில், 2013 முதல் ஒரு முறையைக் கொண்டுவந்தது. விண்ணப்பதாரரின் பெயர் தெரியாமல் நிபுணர்கள் படித்து, செய்யத்தக்கதா இல்லையா என்று மட்டும் பார்ப்பார்கள். தேறியவற்றையெல்லாம் கலந்து திருவுளச் சீட்டு!

பொதுப் பணத்தைச் சீட்டுக் குலுக்கியா கொடுப்பது என்று பதறுகிறவர்கள் உத்தரமேரூருக்கு ஒரு நடை போய்வரலாம். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு அங்கே கோயில் சுவரில் இருக்கிறது. நிலம், சொந்த மனை, வயது, படிப்பு, நடத்தை என்று முதலில் வடிகட்டினார்கள். பிறகு பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். அந்த வடிகட்டலில் யார் யாரை வெளியே தள்ளினார்கள் என்பது வேறு வழக்கு. அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் தகுதி பார்ப்பது எங்கே முடிகிறது, அதிர்ஷ்டம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள்.

நியூஸிலாந்தில் விண்ணப்பித்தவர்களிடமே அபிப்பிராயம் கேட்டு 2020-ல் பிரசுரித்திருக்கிறார்கள். பதில் எழுதியவர்களில் நூற்றுக்கு 63 பேர் இந்த மானியத்துக்குச் சீட்டு முறை சரிதான் என்றார்கள். 25 பேர் கூடாது என்றார்கள். சீட்டு விழுந்தவர்களிடையே ஆதரவு அதிகம், விழாதவர்களிடையே குறைவு. சீட்டு என்று தெரிந்த பிறகு விண்ணப்பம் எழுதுவதில் ஏதாவது சுருக்கிக்கொண்டீர்களா என்று கேட்டதற்கு, பெரும்பாலோர் இல்லை, பழையபடிதான் எழுதினோம் என்றிருக்கிறார்கள்.